மொட்டைவால் யார் வீட்டுப் பல்லி

இருங்கள் டீச்சர், எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் பேனாவை மூடி வையுங்கள். நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று எழுத, சர்க்கார் வேறொன்று புரிந்துகொண்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? எனக்கு எதையும் கோர்வையாகச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடுவிலிருந்து ஆரம்பித்து, முன்னால் போய், கடைசியை மறந்துவிடுவேன். போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம் இதே கதையைச் சொன்னேன். அவர் எப்படிக் கேட்டாரோ, நான் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்கள். பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அடிபடவில்லை என்று சொல்லவும் முடியாது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கணக்கெடுக்க வந்த நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். "இது ஒரு வீடா, ரெண்டு வீடா?" அடுப்படிச் சுவரில் புதிதாக இருக்கிற அந்த வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். யார் பார்த்தாலும் கேட்பார்கள். பூச்சுகூட இன்னும் காயவில்லை. ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

அந்த நாற்காலி வேண்டாம் டீச்சர். இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. மேலே பார்க்காதீர்கள். பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

முன்பு இது ஒரே வீடுதான். என் மாமனார் கட்டியது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர், புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. இளையவர் லாரி ஓட்டுகிறார். அவர் பெண்டாட்டிதான் சண்முகவடிவு, என் ஓரகத்தி. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவு இல்லாமல் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் ஆள் உயரம் தாண்டியதும் கல் தீர்ந்துவிட்டது. "மிச்சத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் இவர். அந்தப் 'பொறவு' இன்னும் வரவில்லை. ஓட்டுக்குக் கீழே ஒரு இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. அது வழியாகக் காற்று வரும். அவள் தாளிக்கிற வாசனை வரும். பல்லி வரும்.

பல்லிக்கு இந்த வீட்டில் பஞ்சமே கிடையாது டீச்சர். பின்னால் முருங்கை மரப் பட்டையில் இருக்கும். துவைக்கிற கல்லுக்கு அடியில் இருக்கும். மோட்டார் பெட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை வைத்திருக்கும், மோட்டார் போடப் போகிறவர்கள் பெட்டியைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். குளியலறையில் ஒன்று, நாம் உள்ளே போனால் அதுதான் கூச்சப்பட்டு வெளியே போகும். மாமனார் படத்துக்குப் பின்னால் ஒன்று. விளக்கேற்றிக் கும்பிடும்போது படத்தின் காதுப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கும். மாமனாருக்கும் அதே பார்வைதான்.

தோட்டத்தில் ஓணானும் உண்டு. ஓணானைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஓணான் மேலே விழுந்தால் ஒரு பலனும் கிடையாது. பல்லிக்குத்தான் பலன். காலண்டருக்குப் பின்பக்கம் போட்டிருக்கிறதே, எந்த இடத்தில் விழுந்தால் என்ன என்று. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் திரும்பத் திரும்பப் படித்தது அது ஒன்றுதான். தோள் என்றால் வெற்றி. முதுகு என்றால் கவலை. வயிறு என்றால் சந்தோஷம். ஆனால் வயிற்றில் விழ வேண்டுமானால் நாம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அது விழாது. தலைக்குத்தான் ஆபத்து. மண்டியில் கொடுத்த காலண்டரில் தலைக்குக் 'கலகம்' என்று போட்டிருக்கிறது. நகைக்கடைக் காலண்டரில் 'மரண பயம்' என்று போட்டிருக்கிறது.

"மரணம்னு போடலியே, மரண பயம்னுதானே போட்டுருக்கு? அது ஒனக்குப் பல்லி விழாமலே இருக்கே" என்பார் இவர். இவரிடம் எதையும் சொல்லக் கூடாது.

எல்லாப் பல்லியிலும் மோசமானது மொட்டைவால். டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது. மேலே பார்க்காதீர்கள் என்று சொன்னேனே. போன மார்கழியில் நான் ஜன்னலைச் சாத்தியபோது வாலை விட்டுவிட்டுப் போனது. வால் தனியாகக் கிடந்து துடித்தது. நானும் இந்தப் பக்கம் கிடந்து துடித்தேன். அன்றிலிருந்து அதற்கு என்மேல் ஒரு கணக்கு இருக்கிறது. நான் எங்கே நிற்கிறேனோ அதற்கு மேலே வந்து நிற்கும்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். மயிலிறகு கட்டித் தொங்கவிட்டேன். புகையிலையைக் காப்பித்தூளில் உருட்டி மூலைக்கு மூலை வைத்தேன். முட்டை ஓடு வைத்தால் வராது என்றார்கள். மறுநாள் பார்த்தால் ஓட்டுக்குள்ளேயே ஒன்று படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. சங்கரன்கோயிலில் பாம்பு, தேள் உருவம் வாங்கி உண்டியலில் போடுவார்களே, அங்கேயும் போய்ப் பல்லி உருவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்ததும் மொட்டைவால் "ச்சு ச்சு ச்சு" என்கிறது. போய்விட்டு வந்தாயா என்று கேட்கிற மாதிரி.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வடிவு மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்படியில் ஒரு பானை பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. அதில் பொத்தென்று ஒரு பல்லி. அடுப்படியை எட்டிப் பார்த்த சம்பந்தியம்மா கண் முன்னாலேயே. ஒரு பானை பாயசத்தையும் வாழை மூட்டில் கொட்டினார்கள். அந்த வாழைதான் இப்போது குலை தள்ளியிருக்கிறது. போகும்போது பாருங்கள், இந்தத் தெருவிலேயே அப்படிக் குலை கிடையாது.

வடிவு கரண்டியில் பல்லியை ஏந்திக்கொண்டு சுற்றி என் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, ஒங்க வீட்டுப் பல்லி எங்க பாயசத்துல விழுந்துட்டு."

"எங்க வீட்டுதுன்னு அது சொல்லிச்சாக்கும்?"

"வாலைப் பாருங்க. மொட்டையா இருக்கு."

"ஊருல வாலு போன பல்லி ஒண்ணுதானாட்டி?"

"நீங்கதான தெனமும் 'எங்க மொட்டைவாலு, எங்க மொட்டைவாலு'ன்னு பொலம்புவீக?"

"பல்லி என்ன ரேஷன் கார்டா வச்சிருக்கு, எந்த வீடுன்னு பாக்கதுக்கு?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "யக்கா, ஆமான்னு ஒரு வார்த்தை சம்பந்தியம்மா கிட்ட சொல்லுங்க. அடுப்படி சுத்தமில்லாதவன்னு எனக்குப் பேராயிட்டு. எம் மவ நாளைக்கு அங்க போயி வாழணும்."

நான் எதற்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும்? பல்லி அந்த நேரம் பார்த்துக் கரண்டியிலிருந்து குதித்து, பாயசத்தை உதறிவிட்டு, நேரே என் டியூப் லைட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அவள் சாட்சியாக வைத்துக்கொண்டாள். பல்லி பயந்தால் எந்தப் பக்கமும் ஓடும் டீச்சர். ஓடின பக்கமெல்லாம் அதற்கு வீடாகிவிடுமா?

அன்றோடு பேச்சு நின்றது. பேச்சு என்றால் நேர்ப் பேச்சு. ஜாடைப் பேச்சு நிற்கவில்லை. நான் சட்டியைக் கழுவிக்கொண்டே மேலே பார்த்துச் சொல்வேன், "ஏ பல்லி, சில பேருக்கு மூடி போட்டுச் சமைக்கத் தெரியாது. நீ என்ன செய்வே, பாவம்!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மிக்ஸியிடம் சொல்வாள், "வளக்கதையும் வளத்துட்டு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதவுகளும் இருக்காக." நடுவில் அது "ச்சு ச்சு ச்சு" என்னும். உடனே நான் இங்கே தரையைத் தட்டி, "பாத்தியா, பல்லி சொல்லுது!" என்பேன். அவளும் அங்கே தட்டுவாள், "பாத்தியா, பல்லி சொல்லுது!" அது யாருக்குச் சொல்லிற்று என்பதில் இரண்டு நாள் ஓடும்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். மூடி போட்டுத்தான் கொண்டுவந்தேன், பயப்படாதீர்கள்.

பிறகு ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மொட்டைவால் கூரையிலிருந்து கைதவறி என் காதை உரசிக்கொண்டு மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தால் தலை. அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? இவருக்கு வாங்கின ஹெல்மெட் ஒன்று பின்வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் நிற்கிற நாளில் மட்டும் போடுவார். அதை எடுத்து மாட்டிக்கொண்டு தோசை ஊற்ற ஆரம்பித்தேன். கண்ணாடி மூடியும் உண்டு, எண்ணெய் தெறித்தாலும் பயமில்லை. உண்மையைச் சொன்னால் ரொம்ப நிம்மதியாக இருந்தது.

இவர் சாப்பிட வந்து பார்த்துவிட்டு நின்றார். "ஏட்டி, அடுப்படில எவன் ஃபைன் போடப்போறான்?"

"நீங்க சாப்பிடுங்க."

"என்ன சொல்லுத? ஒண்ணும் கேக்கல."

கண்ணாடியைத் தூக்கி, "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன். அவர் தோசை தின்று முடிக்கிற வரைக்கும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பா, புரையேறிற்றா, எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஆணியிலிருந்து எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே கிளிப்பைப் போட்டேன். உச்சந்தலையில் ஏதோ சில்லென்றது. வேர்வை என்று நினைத்தேன். வேர்வை நடந்தது. நடந்து காதுப் பக்கம் வந்து திரும்பிப் போனது. டீச்சர், வேர்வைக்கு நான்கு கால் உண்டா?

எனக்கு அந்தக் கிளிப்பைப் போடத்தான் தெரியும், கழற்றத் தெரியாது. எப்போதும் இவர்தான் கழற்றிவிடுவார். நான் பின்வாசல் வழியாக ஓடினேன். துவைக்கிற கல்லைச் சுற்றினேன். முருங்கையைச் சுற்றினேன். வாழையில் முட்டினேன். கத்தினேன், ஆனால் கண்ணாடி மூடியிருந்ததால் கத்தினது முழுக்க எனக்கே கேட்டது. கடைசியில் இவர் வந்து கிளிப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து மொட்டைவால் இறங்கி, என் நெற்றி வழியாக, மூக்கு வழியாக, ஒன்றும் அவசரமில்லாமல் நடந்து போனது.

அப்போதுதான் பெரிய சிக்கல் வந்தது. காலண்டரில் என்ன போட்டிருக்கிறது? 'பல்லி விழும் பலன்.' என் விஷயத்தில் பல்லி விழவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. நான்தான் அதன்மேல் தலையை வைத்தேன். இதற்கு என்ன பலன்? இரண்டு காலண்டரிலும் இல்லை. பெருமாள் கோயில் பட்டரிடம் போனேன்.

"பல்லி தலையில விழுந்ததா?" என்றார்.

"விழலை சாமி. அது உள்ள இருந்துச்சு. நாந்தான் மாட்டினேன்."

"அப்ப உங்க தலைதான் பல்லி மேல விழுந்திருக்கு."

"ஆமா சாமி."

"அப்ப பலன் பல்லிக்குத்தாம்மா."

"பல்லிக்கு என்ன பலன் சாமி?"

"அதை அவாளோட காலண்டர்ல போட்டிருப்பா."

பட்டர் பெரிய படிப்பு படித்தவர். அவர் சொன்னால் இருக்கும். ஆனால் எனக்கு என்ன என்று தெரிய வேண்டாமா? கோயிலை விட்டு நகராமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "மனசுக்குச் சங்கடமா இருந்தா, காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியைத் தொட்டவா யாரையாவது தொட்டுக்கோங்கோ. எல்லாம் போயிடும்."

தங்கப் பல்லி உங்களுக்குத் தெரியும்தானே? வரதராஜப் பெருமாள் கோயிலில், மேல்கூரையில் இருக்கிறது. படியேறித் தொட வேண்டும். தொட்டவர்களுக்குப் பல்லி தோஷம் கிடையாது. தொட்டவர்களைத் தொட்டாலும் போய்விடும் என்பார்கள். எங்கள் தெருவில் அதைத் தொட்டவள் ஒரே ஒருத்தி. போன புரட்டாசியில் டூர் பஸ்ஸில் போய்விட்டு வந்தவள். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்து அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். "போயும் போயும் அவளையா நான் தொடணும்?"

"நேரா காஞ்சிபுரம் போயி நீயே தொட்டுட்டு வந்துரேன்" என்றார் இவர்.

"தோஷத்தோட பஸ்ல ஏறுனா பஸ்ஸு என்னத்துக்கு ஆவும்? அதுல எத்தனை பேரு பிள்ளை குட்டியோட வருவாக!"

"அப்ப வடிவைத் தொடு."

"பாயசச் சண்டைக்குப் பொறவு நான் போயி அவ கையைத் தொடுததா? சில பேரு காலைத் தொடணும்னும் சொல்லுதாக. நான் மூத்தவ! எனக்குப் பதிலா நீங்க தொட்டுட்டு வந்து என்னைத் தொட்டா ஆவாதா?"

"ஏட்டி, தம்பி பெண்டாட்டிய அண்ணங்காரன் தொட்டா ஊரு செருப்பால அடிக்கும்."

"அப்ப அவளுக்குத் தெரியாம நானே தொட்டுருதேன்."

இதை நான் இந்த அடுப்படியில் உட்கார்ந்து, இவருக்கு மட்டும்தான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் சொன்னேன்.

முதலில் ரேஷன் கடை. வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். வழக்கமாகப் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு நிற்பவள், அன்றைக்கு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளங்கை என் பக்கம் விரிந்திருக்கிறது. எவ்வளவு நல்ல சந்தர்ப்பம்! விரலை நீட்டினேன். கிட்டே போனதும் வரிசை நகர்ந்துவிட்டது. விரல் வளையலில் பட்டது. வளையல் கணக்கா, இல்லையா? கவரிங் வளையல். அதைப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனாளோ, பிறகு வாங்கினாளோ! கேட்கவா முடியும்? நான் அரிசி வாங்காமலே வந்துவிட்டேன்.

அடுத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அவள் கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டு நேரே என் பக்கத்தில் வந்து நெருக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு இடம் இருக்கும்போது என்னை வந்து இடிக்கிறாளே என்று எனக்கு வந்ததே கோபம். நகர்ந்து போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் கோயிலுக்குப் போனதே அவளைத் தொடத்தான் என்று.

பிறகு அவள் வீட்டுப் பூனை. அவள் தினமும் அதைத் தடவிக் கொடுப்பாள். அவளைத் தொட்ட பூனையை நான் தொட்டால்? பால் ஊற்றிக் கூப்பிட்டேன். வந்தது. கையைக் கொண்டுபோகும்போது பார்த்தால் அதன் வாயில் ஒரு பல்லி வால். பல்லி தின்கிற பூனையைத் தொட்டால் தோஷம் போகுமா, ஏறுமா? பட்டரிடம் மறுபடி போகலாம் என்று போனேன். என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவர் நடையைச் சாத்திவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அப்போது சோறு இறங்கவில்லை டீச்சர். இடது கண் துடித்தது. விக்கல் வந்தால் நிற்கவில்லை. காக்கா ஒன்று சோற்றை வைத்தால் தின்னாமல் என்னையே பார்த்தது. நான் போய்விட்டால் இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. என் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர ஒரு ராத்திரி ஆகும். எல்லாம் நினைத்து ஒரு மத்தியானம் இந்த அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "எனக்கு ஆடி தாங்காது. நான் போயிருவேன். போற உசுரு போவட்டும், அவ கிட்டப் போயி நிக்க மாட்டேன். அவளா வந்தாலும் நான் கேக்க மாட்டேன். வந்தா வரட்டும், ஆனா நான் கேக்க மாட்டேன்" என்று என்னவெல்லாமோ சொல்லி அழுதேன்.

அப்போது மேலே, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில், என்னவோ அசைந்தது. வெளுப்பாக, நீளமாக, ஐந்து விரலோடு. இவ்வளவு பெரிய பல்லியா என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் வளையலைப் பார்த்தேன். கை. வடிவு கை. முழங்கை வரைக்கும் இந்தப் பக்கம் தொங்குகிறது.

"யக்கா, தொட்டுத் தொலைங்க. எனக்கு உலை கொதிக்குது."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இவர் சொல்லியிருக்க வேண்டும். ஜாடையாக நான் பேசினதெல்லாம் அவளுக்குக் கேட்டது சரி, அது கேட்க வேண்டும் என்று பேசினது. கேட்கக் கூடாது என்று பேசினதும் எப்படிக் கேட்கும்?

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். எட்டவில்லை. ஸ்டூல்மேல் முறுக்கு டப்பாவை வைத்து ஏறினேன். விரல் பட்டது. பட்டதும் அவள் லபக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுட்டி, பட்டுட்டு. போதும்."

"விட மாட்டேன். பாயசத்துல விழுந்தது யாரு வீட்டுப் பல்லி?"

"இப்ப என்னத்துக்குட்டி அது? விடு, டப்பா ஆடுது!"

"சொல்லுங்க, விடுதேன். அஞ்சு மாசமா ஒரு வார்த்தைக்கு நிக்கேன்."

எனக்கும் ரோஷம் இல்லையா? சொல்ல மாட்டேன் என்று நின்றேன். அவளும் விடவில்லை. அவள் கை சுடுகிறது, அடுப்பு வேலையாக இருந்திருக்கிறாள். என் கை சில்லென்று இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மொட்டைவால் டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து இறங்கிச் சுவர் உச்சிக்கு வந்தது. எங்கள் இரண்டு கைக்கும் பக்கத்தில் நின்று, அவள் கையைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது. பிறகு என் கையைத் தேர்ந்தெடுத்தது. ஒரு காலைத் தூக்கி என் விரல்மேல் வைத்தது.

"எங்க வீட்டுதுதான்ட்டி! எங்க வீட்டுதுதான்! எங்க மொட்டைவாலுதான்! ஒம் பாயசம் சுத்தம், ஒன் அடுப்படி சுத்தம், எல்லாம் சுத்தம்! கையை விடு!"

"ச்சு ச்சு ச்சு" என்றது அது.

அந்தப் பக்கம் வடிவு திரும்பி யாரிடமோ சொல்கிறாள், "கேட்டுச்சா மதினி? பல்லியும் சொல்லுது."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று ஒரு குரல். சம்பந்தியம்மா! பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவள், அவள் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். சாட்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் கையை நீட்டியிருக்கிறாள் கள்ளி! உயிருக்குப் பயந்து சொன்னது கணக்கில் சேராது என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முறுக்கு டப்பா நழுவிவிட்டது. விழுகிறவள் சுவரைப் பிடித்தேன். கூரை வரைக்கும் கட்டாத சுவர்தானே, மேல்வரிசைக் கல் இரண்டு என்னோடு வந்தது. அவள் பக்கம் ஒரு கல் அவள் உலையில் விழுந்தது.

அவளும் சம்பந்தியம்மாவும் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு. வடிவு தைலம் தேய்த்துவிட்டாள். கை, கால், இடுப்பு என்று எல்லா இடமும் தொட்டுத்தான் தேய்த்தாள். இனிமேல் தோஷம் ஒளிய இடமில்லை. அன்றைக்கு அவள் வீட்டு உலை போய்விட்டதால் எல்லாரும் என் வீட்டில் சாப்பிட்டார்கள். நான் மூடி போட்டுத்தான் சமைத்தேன். சம்பந்தியம்மாவுக்கு என் ரசம் பிடித்திருந்தது. அது போகட்டும்.

அதற்குப் பிறகு யோசித்தேன். மொட்டைவால் இங்கேதான் இருக்கும். அது போகாது. இன்றைக்கு விரலில் கால் வைத்தது, நாளைக்கு எங்கே வைக்குமோ! ஒவ்வொரு தடவையும் ஸ்டூல், டப்பா, இடுப்பு, தைலம் என்று எத்தனை நாளைக்கு? தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் தோஷம் ஏறிவிட்டால்? "யக்கா, வர்ற புரட்டாசிக்கு என்கூட வாங்க. நீங்களே தங்கப் பல்லியைத் தொட்டுட்டா ஒரு பயமும் இல்லை" என்று அவள் கூப்பிடத்தான் செய்தாள். எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. அதுவும் இல்லாமல், நானே தொட்டுவிட்டால் பிறகு பல்லி விழுந்ததென்று எதைச் சொல்லி அந்தப் பக்கம் போவது? அதாவது, அங்கே போகிற அவசியமே இல்லாமல் போய்விடும் என்று சொல்கிறேன். அதெல்லாம் சரிப்படாது.

அதனால் கொத்தனாரைக் கூப்பிட்டு, கல் விழுந்த இடத்திலிருந்து நேர் கீழே உடைக்கச் சொல்லி, அந்த வாசலை வைத்தேன். கொழுந்தன், "என்ன மதினி, பிரிச்ச வீட்டைச் சேக்கீகளா?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன், வீடு சேரவில்லை, பாகம் பாகம்தான், இது பல்லிக்கு வைத்த வாசல் என்று. இப்போது அங்கே உள்ள பல்லி இங்கே நடந்து வருகிறது, இங்கே உள்ளது அங்கே போகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அதனால் இரண்டு வீடு என்றே எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர். அடுப்பு இரண்டு, கார்டு இரண்டு. சாப்பாடு இந்த மாதம் கொஞ்சம் ஒன்றாக இருக்கிறது, அவள் உலைப்பானை இன்னும் மாற்றவில்லை. அதை எழுத வேண்டாம்.

ஹெல்மெட்டை இவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாசலுக்குக் கதவும் போட்டாயிற்று, வேப்பங்கதவு. கொத்தனார் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டார். என் பக்கமா, அவள் பக்கமா? தலையில் பல்லியோடு ஓடுகிறவள் தாழ்ப்பாளையா தேடிக்கொண்டிருப்பாள்! ஒரு பக்கமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்.